மொட்டை வண்டியும் முதல் உப்பும்

மரக்காணத்தில் துருப்பிடிக்காத பொருள் ஒன்றைக் காட்டு என்றால் பிளாஸ்டிக் குடத்தைத்தான் காட்ட வேண்டும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பள்ளிக்கூட மணி, பூட்டு, பூட்டுக்குள் போகிற சாவி, எல்லாவற்றையும் காற்று தின்றுவிடும். கடற்கரைச் சாலை ஓரத்து எடைமேடையில் உட்கார்ந்து உப்பு லாரிகளை எடை போட்டு அனுப்புகிற வேலை எனக்கு. செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வந்த வருஷமே குடைக் கம்பி போயிற்று, அடுத்த வருஷம் டிரங்குப் பெட்டியின் அடிப்பாகம் போயிற்று. அப்படிப்பட்ட ஊரில் உப்பளக்காரர் கண்ணாயிரம் ஒரு கார் வைத்திருந்தார்.

சாதாரணக் கார் இல்லை. சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு, மூக்கு மட்டும் ரெண்டு முழ நீளத்துக்கு முன்னால் போகும். கூரை கிடையாது. எந்தக் காலத்திலோ இங்கிலீஷ்காரன் செய்து கப்பலில் வந்தது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டில் நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாயிரம் இளவட்டமாக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி வந்தார். ஊர் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர் வைத்தது. உப்பளக்காரனுக்கு எதற்குப் பந்தயக் கார் என்று கேட்காத ஆள் இல்லை. மகள் மலர்கொடி புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி பாப்பாத்தியம்மா அந்த வண்டியில்தான் ஊர் வந்து சேர்ந்தார். காற்றுக்குக் குழந்தை மூச்சுத் திணறாமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டு வந்ததை இன்றைக்கும் சொல்வார்.

இப்போது மலர்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பையன். போன வருஷமே நடந்திருக்க வேண்டியது. சுனாமி வந்து பாத்திகளெல்லாம் சேறாகிப் போனதில் தள்ளிப்போய், இந்த வைகாசிக்கு நிச்சயமாகியிருந்தது. கண்ணாயிரத்துக்கு ஒரே பிடிவாதம். பிறந்து வந்த வண்டியிலேயே பொண்ணு மண்டபத்துக்குப் போக வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் உப்புக் கிடங்கிலிருந்து வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். என் எடைமேடைக்கு அடுத்த கொட்டகை சாலமனுடைய டிங்கர் பட்டறை. சாலமன் புதுச்சேரியில் தொழில் கற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுவார், மற்ற நாளில் வாய் திறக்க யோசிப்பார்.

"ஏம்பா சாலமன், வைகாசிக்குள்ள எம்பொண்ணு இதுல ஏறி உக்காரணும்."

"உக்காரலாம் மொதலாளி. உக்காந்தா கீழ போவாம இருக்கணும் இல்ல?"

"அதுக்குத்தான உங்கிட்ட கொண்டாந்தேன். எத வேணா வெட்டு, எத வேணா ஒட்டு. பட்டி மட்டும் பூசாத. ஒருத்தன் பூசித்தான் என்ன நடுத்தெருவுல சிரிக்க வச்சான்."

அந்தக் கதை எனக்குத் தெரியும், சாலமனுக்கும் தெரியும், ரோட்டில் போகிற லாரி டிரைவர்களுக்குக்கூடத் தெரியும். காரின் தகரம் துருவேறி ஓட்டை விழுந்தால், கெட்டதை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டும். சோம்பேறி டிங்கர் ஓட்டையில் எதையாவது அடைத்து, மேலே பட்டியைக் குழைத்துப் பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவான். பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டை வண்டியின் அடித்தகரம் போய், அதைச் சரிசெய்தவர் சடையப்பன். பாப்பாத்தியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அப்போது இதே ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். ரெண்டு மழைக்காலம் போயிற்று. திரௌபதி அம்மன் கோயில் தீமிதி அன்று, ஊர்ப் பெரியவர் அப்பாதுரையை இடது சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கண்ணாயிரம் கோயில் தெருவில் மெதுவாக வந்தார். சரியாகத் தேருக்கு முன்னால் சீட்டு ஆளோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. அப்பாதுரையின் வேட்டி தார்ரோட்டைத் தேய்த்தது. தீ மிதிக்க நின்றவர்கள்கூடக் காப்புக் கட்டியதை மறந்து சிரித்தார்கள். கண்ணாயிரம் கூட்டத்துக்குள் புகுந்து மச்சானின் சட்டையைப் பிடித்தார். "திருட்டுப் பயலே, அக்கா வூட்டு வண்டிக்கே பட்டியா?" என்று கேட்டார். அவர் குரல் சாதாரணமாகவே எடைமேடையிலிருந்து பேசினால் உப்பளத்தில் கேட்கும்.

அதற்கப்புறம் சடையப்பனிடம் யாரும் வண்டி விடவில்லை. அக்கா வீட்டுக்கே பட்டி பூசினவன் அசலானுக்கு என்ன செய்ய மாட்டான் என்று ஊர் பேசிற்று. பட்டறையை மூடிவிட்டு பெரிய முதலியார்சாவடிப் பக்கம் போய், கோட்டக்குப்பத்தில் துபாய்ப் பணத்தில் எழும்புகிற வீடுகளுக்கு வாசல் இரும்புக் கேட்டுகள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் சாவு வீடுகளில் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அதற்குக் கண்ணாயிரம், முறையே சரியாகத் தெரியாத ஒரு தூரத்துச் சொந்தக்காரன், கலியன் என்பவனை ஏற்பாடு செய்துவிட்டார். கலியன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டுவேட்டி எடுத்தான்.

வண்டி பட்டறைக்கு வந்த மறுநாள் பாப்பாத்தியம்மா எடைமேடைக்கு வந்தார். வரப்பு வேலைக்குப் போகிற ஆட்களுக்குச் சோறு கொண்டுபோகிற வழி. தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு பட்டறைப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணா, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தத் தகரத்துல எந்தம்பி நெசமாவே ஏமாத்தினானான்னு சாலமன் கைல கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேக்கலாமேம்மா, இதோ இருக்காரு."

"நான் கேட்டா எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடும். ஏமாத்தியிருந்தான்னா நான் மனச வுட்டுடறேன். கலியனே கட்டட்டும் பட்டத்த. இல்லன்னா எம்பொண்ணு நெத்தியில எவனோ ஒருத்தன் கை பட நான் வுட மாட்டேன்."

சாலமன் காதில் விழுந்திருக்க வேண்டும். கீழே குனிந்து சுத்தியலின் பிடியால் வண்டியைத் தட்ட ஆரம்பித்தார். கூரையில்லாத வண்டிக்குக் கதவுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஓடுகிற பெட்டி மாதிரியான தகரம்தான் முதுகெலும்பு. அது போனால் வண்டி நடுவில் ஒடிந்துவிடும். வலது பக்கம் தட்டினார். டங் என்றது. இடது பக்கம் தட்டினார். பொத்தென்றது. இன்னொரு தரம் தட்டியதில் சுத்தியல் பிடி உள்ளேயே போய்விட்டது.

"உள்ள சுத்தமா போயிருக்குதும்மா" என்றார் சாலமன்.

பாப்பாத்தியம்மா தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிவெயிலில் வரப்பின் மேல் அந்த அம்மா போய் மறையும்வரை நான் அடுத்த லாரியை மேடையில் ஏற்றவில்லை.

சாலமன் ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை. வேறு லாரிக்குக் கதவு செய்துகொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, "ஒரே ஆளு, ஒரே தகரம், ஒரே வருசம். வலது பக்கம் கல்லாட்டம் இருக்குது, இடது பக்கம் அப்பளமாட்டம் இருக்குது. ஏமாத்தறவன் ஒரு பக்கம் மட்டும் ஏமாத்துவானா?" என்றார். அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார். வெட்டும்போது வண்டி நடுவில் தொங்கிவிடக் கூடாதென்று கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றை வெல்டிங் வைத்து முட்டுக் கொடுத்தார். பிறகு கிரைண்டரால் இடதுபக்கப் பெட்டியின் வெளித்தகரத்தைக் கோடு போட்டாற்போல் அறுத்து உரித்தார். என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ கெட்டிப்பட்டுக் கிடந்தது. நீட்டமாக, பெட்டியின் அடியோடு அடியாக. சாலமன் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கட்டியைப் பெயர்த்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு."

"சுனாமித் தண்ணியா இருக்கும்."

"தண்ணி ரோட்டுக்கு இந்தாண்ட வர்ல. கெடங்குல ஒரு சாக்குகூட நனையலன்னு மொதலாளியே சொன்னாரு. அதுவும் தண்ணி வந்தா ரெண்டு பக்கமும் வரும்."

வெல்டிங் ஓடிய இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். சோளக்கதிரில் மணி அடுக்கியதுபோல் ஒரே சீராக ஓடியிருந்தது. பட்டி ஒரு சிட்டிகைகூட இல்லை. தகரம் வெளியிலிருந்து கெடவில்லை, உள்ளிருந்து கெட்டிருக்கிறது. அத்தோடு இன்னொன்றும் காட்டினார். சீட்டுக்குப் பின்பக்கம், பெட்டியின் மேல்தகரத்தில், கம்பளத்துக்கு அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. கைமுஷ்டி வைத்தால் சரியாக நிற்கும் அளவு. துருவில் விழுந்த ஓட்டையில்லை, சடையப்பன் புதுத் தகரத்தில் வெட்டிச் செய்தது. விளிம்பு பூராவும் அரம் போட்டுத் தேய்த்து வழுவழுவென்றிருந்தது.

"தண்ணி வடியறதுக்கு ஓட்டைய அடியில போடுவாங்க. மேல எதுக்கு?" என்றார் சாலமன்.

எனக்கும் தெரியவில்லை. நான் செஞ்சிக்காரன், அவர் புதுச்சேரிக்காரர். உள்ளூர்க்காரன் ஒருத்தன் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பான்.

மாசி பாதியில் அந்த வருஷத்து முதல் உப்பு இறங்கியது. மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தியில் தண்ணீர் வற்றி, வெள்ளையாகப் பூத்து, பலகையால் இழுத்து மேட்டில் சேர்க்கும்போது ஜனங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். முந்தின வருஷம் சேறு வாரியே போய்விட்டதால் இந்த வருஷம் குலவையே போட்டார்கள். முதல் கூடையை விற்க மாட்டார்கள். வீட்டுக்காரம்மா அதிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைப்பாள். ஒரு பிடி அம்மன் காலடிக்கு. ஒரு பிடி அரிசிப் பானைக்கு. ஒரு பிடி நிலைப்படிக்கு. லாரி இருந்தால் டூல் பெட்டிக்கு. கண் பட்டுவிடக் கூடாது என்று எதை நினைக்கிறார்களோ அதற்கெல்லாம் ஒரு பிடி. வருஷா வருஷம் என் எடைமேடைக் கல்லாவுக்கும் ஒரு பிடி வரும்.

அன்றைக்கு வேலையெல்லாம் முடிந்து, காலில் சேறு காயாமல் கண்ணாயிரமும் பாப்பாத்தியம்மாவும் பட்டறைக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் ஈரம் சொட்டியது. கண்ணாயிரம் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"எங்க இருக்குதுப்பா வண்டி? கல்யாண வருசம், மொத உப்பு வக்காம வுட முடியுமா? பாப்பாத்தி, போய் வைய்யி. எடம் இருக்குதா, இவன் வெட்டிப் போட்டானா?"

பாப்பாத்தியம்மா வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தார். பார்க்கக்கூட இல்லை, கை தானாகப் போயிற்று. பழகின பெட்டியில் காசு போடுகிற மாதிரி, சீட்டுக்குப் பின்னால் நேராக அந்த வட்ட ஓட்டையின் மேல் போய் முஷ்டி நின்றது. வெளித்தகரத்தை உரித்துப் போட்டிருந்ததால் ஓட்டைக்குக் கீழே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பக்கத்திலிருந்தே தெரிந்தது. வருஷா வருஷம் அந்தக் கை போட்ட உப்பெல்லாம் இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றித் தகரம் காய்ந்த இலைபோல் சுருண்டு உதிர்ந்திருந்தது.

முஷ்டி திறக்கவில்லை. சாலமன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னா நிக்கற? போடு" என்றார் கண்ணாயிரம்.

"இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சாலமன் மெதுவாகச் சொன்னார்: "பட்டி ஒரு பொட்டுகூட இல்ல மொதலாளி. வெல்டிங் இன்னும் வுட்டுப் போவல. அந்தாண்ட பக்கம் உப்பு இல்ல, தகரம் அப்பிடியே இருக்குது. இந்தாண்ட உப்பு தின்னுடுச்சு."

"மொத உப்புப்பா அது. மகாலட்சுமி. அது எப்பிடிப்பா தின்னும்?"

"தகரத்துக்கு எது மொத உப்பு, எது கடசி உப்புன்னு தெரியாதுங்க."

கண்ணாயிரம் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "வேலையப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பாப்பாத்தியம்மா கையிலிருந்த உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே போனார்.

அடுத்த சில நாளில் ஊருக்குள் ஒரு பேச்சுக் கிளம்பியது. கண்ணாயிரம் வீட்டில் உப்பில்லாமல் சமைக்கிறார்களாம். யாருக்கோ ரத்தக்கொதிப்பு என்றார்கள், வேண்டுதல் என்றார்கள். லாரிக் கணக்கு பேசப் போன என்னைக் கண்ணாயிரம் சாப்பிட உட்கார வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இலை போட்டால் முதலில் உப்புதான் வைப்பார்கள். அந்த மூலை காலியாக இருந்தது. சோறு வந்தது, மத்திமீன் குழம்பு வந்தது. புளிப்பும் காரமும் இருந்தன, மீன் அன்று பிடித்தது, ஆனால் வாயில் வைத்தால் குழம்பு என்றே தோன்றவில்லை.

"குழம்பு எப்பிடிப்பா இருக்குது?" என்றார் கண்ணாயிரம், இலையைப் பார்த்துக்கொண்டே.

"நல்லாருக்குதுங்க."

"பொய் சொல்லாத. ஊரு ஒலகத்துக்கே உப்பு ஏத்தறவன் நான். எங்க வூட்டுக் கொழம்பு ஆஸ்பத்திரிக் கஞ்சியாட்டம் இருக்குது."

அடுப்பங்கரையிலிருந்து பாப்பாத்தியம்மா பேசினார். "வெளிய மலையாட்டம் கெடக்குது. வேணுங்கறவங்க அள்ளிப் போட்டுக்கலாம். நான் தொட மாட்டேன்."

"உன்ன யாரு இப்ப குத்தம் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதாங்க மனசு ஆறல. வண்டிய அழிச்சது எங்கை. பேரு கெட்டது எந்தம்பிக்கு. அவன் பட்டறைய மூடிட்டு ஊர வுட்டுப் போனான், நான் இங்க உப்பு போட்டு மூணு வேள தின்னேன். அவன் வந்து இந்த வூட்டு எலையில உக்காரட்டும். அன்னிக்குத் தொடறேன் உப்ப."

"கல்யாணச் சமையலும் இப்பிடித்தானா?"

"கலியன் வந்து போடுவான் உப்பு. அவன்தான மாமன்."

மலர்கொடி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாயிரம் இலையில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். வாசலுக்கு வெளியே அவருடைய உப்பு கீற்று மூடிக் குன்றாகக் கிடந்தது. எழுந்து போய் ஒரு கல் எடுத்து வரலாம். அவருக்குக் கால் வரவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது அப்போதுதான்.

பங்குனியில் ஒருநாள் என் மொபெட்டின் பின்னால் வந்து உட்கார்ந்தார். மடியில் தாம்பூலத் தட்டு, கல்யாணப் பத்திரிகை. காலடியில் ஒரு சாக்கு.

"எங்கங்க போறோம்?"

"தெரியாதவனாட்டம் கேக்காத. ஓட்டு."

கூனிமேடு தாண்டினோம். அப்புறம், "நீதான் பேசணும். அவங்கூட எனக்குப் பேச்சு கெடையாது" என்றார்.

பெரிய முதலியார்சாவடியில் தென்னந்தோப்பு ஓரத்துக் கொட்டகையில் சடையப்பன் ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வாங்கண்ணா" என்றார். என்னை மட்டும்.

கண்ணாயிரம் ஒரு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்திரிக வைக்க வந்திருக்கோம்னு சொல்லுப்பா."

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் நான் சொன்னேன்.

"வச்சிட்டுப் போவச் சொல்லுங்கண்ணா. பட்டம் கட்டறதுக்குத்தான் கலியன் பட்டுவேட்டி எடுத்துட்டானாமே."

"கலியனுக்கு முறை இல்லன்னு சொல்லு."

"எனக்கு மட்டும் இத்தினி வருசம் முறை எங்க போயிருந்துச்சுன்னு கேளுங்க."

கண்ணாயிரத்தின் முகம் சிவந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து சாக்கைப் பிரித்து, சாலமன் வெட்டியெடுத்த தகரத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அவன் பட்டி பூசலன்னு…" தகரத்தைக் கையால் அவர் பக்கம் நகர்த்தினார். "அவன் பட்டி பூசலன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. சடையப்பன் குந்தி உட்கார்ந்து தகரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெல்டிங் ஓடிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓட்டைக்கு வந்ததும் விரல் நின்றது.

"உப்பா மாமா?" என்றார். நேராக அவரிடமே கேட்டார்.

"உங்கக்கா வச்சது. வருசா வருசம்."

"தெரியும். நான் அன்னிக்குத் தொறந்தப்பவே ஒரு சட்டி உப்பு வாரிக் கொட்டினேன். பழைய ஓட்ட ஒண்ணு இருந்துச்சு, அதுலதான் அக்கா போடும். அத அடைச்சிருக்கணும் மாமா. அடைக்கல."

"ஏன்?"

"அடைச்சா அக்கா எங்க போடும்? காத்து தின்னும், கடல் தின்னும்னு தெரியும், மொத உப்பு தின்னும்னு எனக்குத் தோணவேயில்ல. நானும் அந்த ஊருலதான பொறந்தேன். அதே எடத்துல புதுசா ஓட்ட போட்டேன். வைக்கறப்ப அக்கா கைய கிழிச்சிடப் போவுதுன்னு அரத்த வச்சி வழுவழுன்னு தேச்சேன். நான் பண்ண தப்பு அதான். வேற ஒண்ணும் இல்ல."

கண்ணாயிரம் தென்னை மரத்தை விட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சட்டையப் புடிச்சீங்களே, அன்னிக்கா? அன்னிக்கு எனக்கே புரியலயே. ஊர வுட்டு வந்து, இங்க கேட்டுக்கு வெல்டிங் வச்சிக்கினு இருக்கும்போதுதான் ஒருநாள் பொறிதட்டுச்சு. அப்பால சொன்னா அது யாரு தலையில வெடியும்? உங்கம்மா உசிரோட இருந்தாங்க. மருமவ கை வச்சது வெளங்கல, மருமவ கை ராசியில்லன்னு சாகற வரைக்கும் சொல்லியிருப்பாங்க. திருடன்னு ஒரு பேரு ஏற்கெனவே எனக்கு இருக்குது. அதோட இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன்."

கண்ணாயிரம் அந்த இரும்புத்தூள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. தோப்பில் யாரோ தேங்காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், தொப்பு தொப்பென்று சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"வரேன் மாமா" என்றார் சடையப்பன் கடைசியில். "மலரு நெத்தியில நான்தான் கட்டுவேன். ஆனா தெருவுல சொன்னத தெருவுலதான் எடுக்கணும். வூட்டுக்குள்ள வச்சி எடுத்தா செல்லாது."

"அது நாயம்" என்றார் கண்ணாயிரம்.

சித்திரையில் வண்டி முடிந்தது. இடது பக்கம் புதுத் தகரம், சாலமன் வெல்டிங். மேலே ஓட்டை இல்லை. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சிவப்புப் பெயிண்ட் காய்ந்ததும் கண்ணாயிரம் முதல் ஓட்டம் பெரிய முதலியார்சாவடிக்குத்தான் போனார். திரும்பி வரும்போது இடது சீட்டில், அப்பாதுரை இறங்கிப்போன அதே சீட்டில், சடையப்பன் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரௌபதி அம்மன் கோயில் தெருவில் டீக்கடைக்கு முன்னால் வண்டி நின்றது. செவ்வாய்க்கிழமை, நல்ல கூட்டம். கண்ணாயிரம் சீட்டின் மேலேயே ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் பட்டி பூசல. இவன் வச்ச வெல்டிங் வுட்டுப் போவல. வண்டிய தின்னது என் உப்பு. நான் சொன்னதுதான் பொய்யி."

அவர் குரல் எடைமேடைவரை கேட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்பாதுரை மட்டும் டீ கிளாஸை வைத்துவிட்டு, "அப்ப என் வேட்டி போனதுக்கு யாரு கணக்கு?" என்று கேட்டார். அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். சடையப்பனும் சிரித்தார். கலியன் பின்வரிசையிலிருந்து மெதுவாக நழுவினான். பட்டுவேட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொள் என்று அப்புறம் சொல்லியனுப்பினார்கள்.

அன்றைக்கு என்னையும் சாலமனையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவீட்டில் வரிசையாக இலை போட்டார்கள். மலர்கொடி தண்ணீர் தெளித்தாள். பாப்பாத்தியம்மா தம்பியின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் கையைவிட்டு ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தார். பட்டறையிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அந்த முதல் உப்பு அதில்தான் இருந்தது. ஈரம் வற்றிப் பளபளவென்றிருந்தது.

அதைத் தம்பியின் இலை மூலையில் விரலால் எடுத்து வைத்தார். விரலிடுக்கிலிருந்து நாலைந்து கல் சோறு வைக்கும் இடத்தில் சிதறியது. சடையப்பன் அதை ஒவ்வொன்றாக ஒதுக்கி மூலையில் சேர்த்தார். அடுத்து என் இலை, சாலமன் இலை. புருஷன் இலைக்கு வந்தபோது பாப்பாத்தியம்மா கொஞ்சம் தயங்கி ஒரே ஒரு கல் வைத்தார்.

கண்ணாயிரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு மாசமாக உப்பில்லாமல் சாப்பிட்ட மனுஷன்.

"இன்னும் ரெண்டு வையி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.